படிப்பு மேசையிலே கடைவீதி!

"பையன் கெட்டுவிட்டான்!"

தேநீர்க் கடையிலே, ஆலை வாயிலிலே, பேருந்து நிலையத்திலே, எங்கே நின்றாலும் இந்தப் பேச்சுத்தான் காதிலே விழுகிறது. கல்லூரிக்கு அனுப்பினோம், கடன் வாங்கிக் கட்டணம் கட்டினோம், கையிலே ஒரு செல்போனும் வாங்கிக் கொடுத்தோம். புத்தகத்தை மூடினான், போனைத் திறந்தான், தேர்விலே தோற்று வந்து நிற்கிறான் என்று நெஞ்சு வேக நின்று பேசும் தந்தைமார் எத்தனை பேர்! வாங்கிக் கொடுத்த கையாலேயே அதை வாங்கி உடைத்தெறிந்த தாய்மார் எத்தனை பேர்!

எதிர்ப்புறத்திலே இன்னொரு கூட்டம் நிற்கிறது. "உள்ளங்கையிலே உலகம்! சட்டைப் பையிலே நூலகம்! இதைக் குறை கூறுவோர் பழமை பேசும் பத்தாம்பசலிகள்!" என்று முழங்குகிறது அந்தக் கூட்டம். அதிலே பலர் அந்தப் பெட்டியை விற்பவர்கள், விற்பவரிடம் கூலி பெறுபவர்கள் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

ஒருவர் உடை என்கிறார். மற்றவர் தொழு என்கிறார். நாமோ, உடைக்கவும் வேண்டாம், தொழவும் வேண்டாம், முதலிலே விசாரிப்போம் என்கிறோம். குற்றம் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் குற்றவாளி யார்? கூண்டிலே நிற்கவேண்டியவன் மாணவனா? அவன் கையிலுள்ள கருவியா? அல்லது இவ்விருவருக்கும் பின்னாலே, கண்ணுக்குத் தெரியாமல் கல்லாப் பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் மூன்றாமவனா?

சாட்சிகளை அழைப்போம், தோழர்களே! சாட்சிகள் பெரும்பாலும் அமெரிக்க நாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஏனெனில் சரக்கு பிறந்த இடம் அது. சண்டை முதலிலே மூண்ட இடமும் அதுவே.

விடுதி அறையிலே பிறந்த குழந்தை

2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் மாணவர் விடுதி. மார்க் சக்கர்பெர்க் என்ற 19 வயது மாணவர், தம் பல்கலைக் கழகத்து மாணவருக்கு மட்டும் என்று ஒரு தளத்தைத் திறந்துவைத்தார். பேஸ்புக் — நம் தமிழிலே முகநூல் — பிறந்தது இப்படித்தான். படம் ஒட்டலாம், பெயர் எழுதலாம், யார் யாருக்கு நண்பர் என்று பார்க்கலாம். அவ்வளவுதான் அன்று.

ஹார்வர்டிலிருந்து கொலம்பியா, ஸ்டான்போர்டு, ஏல் என்று கல்லூரி கல்லூரியாக அது தாவிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் பேர் அதிலே சேர்ந்துவிட்டனர். 2006 செப்டம்பரிலேதான், 13 வயது நிரம்பியவர் எவரும் வரலாம் என்று பொதுமக்களுக்குக் கதவு திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலையிலே பிறந்து கல்லூரிக்குள் நுழைந்ததன்று இது. கடைத்தெருவிலே பிறந்து விடுதிக்குள் புகுந்ததன்று. கல்லூரியிலேயே பிறந்தது, மாணவனாலேயே பிறந்தது, மாணவரையே முதல் வாடிக்கையாளராகக் கொண்டது. ஆகவே, "மாணவர் ஏன் இதிலே போய் விழுகிறார்கள்?" என்று இன்று வியப்பவர்கள், மீனுக்கென்றே பின்னிய வலையிலே மீன் ஏன் விழுந்தது என்று கேட்பவர்களாகிறார்கள்.

2009-இல் மூண்ட சண்டை

ஐந்தாண்டுகள் உருண்டன. 2009 ஏப்ரலிலே, ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்து ஆய்வு மாணவி ஆரின் கார்பின்ஸ்கி, கல்வி ஆய்வாளர் மாநாடொன்றிலே ஒரு கணக்கைப் படித்தார். 219 மாணவரைக் கேட்டிருந்தார். அந்நாட்டிலே மதிப்பெண்ணை 4-க்கு இத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். முகநூலிலே இருந்த மாணவருக்கு 3-க்கும் 3.5-க்கும் இடையே, இல்லாதவருக்கு 3.5-க்கும் 4-க்கும் இடையே. முகநூல் மாணவர் வாரத்திற்கு 1 முதல் 5 மணி நேரம் படித்தனர். மற்றவர் 11 முதல் 15 மணி நேரம் படித்தனர். இதிலே இன்னொரு சுவை: முகநூல் மாணவரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர், "இதனாலே எங்கள் படிப்புக்கு ஒரு கேடும் இல்லை" என்று அடித்துச் சொன்னார்கள்!

விடுவார்களா ஏட்டாளர்கள்? 'முகநூல் மதிப்பெண்ணைத் தின்கிறது!' என்று நாடெங்கும் ஏடுகள் அலறின. தந்தைமார் பதறினர். கணக்கைப் படித்த அம்மையாரோ, "இது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது; இதனால்தான் அது என்று நான் சொல்லவில்லை" என்ற பொருள்பட விளக்கம் கூறினார். கேட்பார் இல்லை.

மறு மாதமே மறுப்பு வந்தது. ஜாஷ் பாசெக், எஸ்ட்டர் ஹார்கிட்டாய் முதலிய ஆய்வாளர்கள், சிக்காகோ நகரத்து இல்லினாய் பல்கலைக் கழகத்தின் முதலாண்டு மாணவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் கணக்கு உட்பட, மூன்று தனித்தனிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தனர். அந்தத் தொடர்பு அங்கே தென்படவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றவரிடையேதான் முகநூல் பழக்கம் சற்றுக் கூடுதல் என்று சொல்லும்படி இருந்தது!

என்ன இது? ஒருவர் கறுப்பு என்கிறார், இன்னொருவர் வெளுப்பு என்கிறாரே என்று குழம்பவேண்டாம். மழை நாளிலே தெருவிலே போகிறோம். குடை பிடித்தவரெல்லாம் கொஞ்சம் நனைந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பவரெல்லாம் காய்ந்திருக்கிறார்கள். ஆகவே குடைதான் நனைக்கிறது என்று முடிவு கட்டினால், கேட்பவர் சிரிக்கமாட்டார்களா? படிப்பிலே மனம் ஒட்டாத பிள்ளை போனை எடுத்தானா, போனை எடுத்ததாலே படிப்பிலே மனம் ஒட்டாமற் போயிற்றா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன் இந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும்.

எத்தனை மணி அல்ல, என்ன வேலை!

2012-இலே மூன்றாவது சாட்சி கூண்டேறினார். ரெய்னால் ஜங்கோ என்ற கல்வி ஆய்வாளர், 1,839 கல்லூரி மாணவரிடம் கேட்டறிந்தார். நாளொன்றுக்குச் சராசரி 106 நிமிடம் அவர்கள் முகநூலிலே கழித்தார்கள். அந்தச் சராசரிக்கு மேலே ஒவ்வொரு 93 நிமிடத்துக்கும், 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண்ணிலே 0.12 குறைந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடினால் இம்மியளவு இறக்கம். "கெட்டுவிட்டான்" என்று ஊரைக் கூட்டும் அளவுக்கு இல்லை. "ஒன்றுமே இல்லை" என்று கையை விரிக்கும் அளவுக்கும் இல்லை.

இதைவிடப் பெரிய செய்தி வேறொன்று அதிலே இருந்தது. அதே முகநூலைச் செய்தி திரட்டவும், திரட்டியதைப் பிறருக்குக் கொடுக்கவும் பயன்படுத்தியவருக்கு மதிப்பெண் கூடியிருந்தது. வெறும் அரட்டைக்குப் பயன்படுத்தியவருக்குக் குறைந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2011-இலே, அவரும் அவர் தோழர்களும் இன்னொரு சோதனை நடத்தியிருந்தார்கள். புதிதாகக் கல்லூரிக்கு வந்த 125 மாணவரிலே 70 பேருக்குப் பாடம் பற்றிய பேச்சை ட்விட்டரிலே நடத்தினார்கள். ஆசிரியரும் கூட இருந்து பேசினார். அந்தப் பிள்ளைகள் படிப்பிலே கூடுதலாக ஈடுபட்டனர். மதிப்பெண்ணும் கூடுதலாகப் பெற்றனர்.

கத்தி ஒன்றுதான். காய் நறுக்கினால் சமையல். கழுத்தை நறுக்கினால் கொலை.

பிறகு 2018-இலே ஜெர்மன் நாட்டு ஆய்வாளர்கள், அதுவரை பல நாடுகளிலே வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 30,000 மாணவர் கணக்கைக் கூட்டிப் பார்த்தனர். பொதுவான பழக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் எதிர்த் தொடர்பு உண்டு, ஆனால் மிகச் சிறியது. பாடத்துக்காகப் பயன்படுத்துவோருக்கு நல்ல தொடர்பு, அதுவும் சிறியது. "படிக்கும் நேரத்தையே இது விழுங்கிவிடுகிறது" என்று பரவலாகப் பேசினார்களே, அதற்கு அந்தக் கணக்கிலே சான்று கிடைக்கவில்லை. படித்துக்கொண்டே பார்ப்பது, பார்த்துக்கொண்டே படிப்பது என்ற இரட்டை வேலைக்காரருக்குத்தான் இறக்கம் சற்றுக் கூடுதல்.

அங்கேதான், தோழர்களே, காயம் இருக்கிறது!

அறுந்த இழை

தறியிலே நின்றவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. பாவிலே ஓர் இழை அறுந்தால் என்ன ஆகும்? தறியை நிறுத்தவேண்டும், அறுந்த முனையைத் தேடவேண்டும், முடிச்சுப் போடவேண்டும், பிறகு ஓட்டவேண்டும். இழை அறுவது ஒரு நொடி. தறி நிற்பதோ நெடு நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழை அறுந்துகொண்டே இருந்தால், எட்டு மணி நேரம் நின்றாலும் எத்தனை முழம் நெய்வான் அந்த நெசவாளி? "நாள் முழுதும் தறியிலேதான் நின்றேன்" என்று அவன் சொல்வது பொய்யன்று. துணி வளரவில்லை என்பதும் பொய்யன்று.

மாணவன் மனமும் ஒரு தறிதான்.

2013-இலே லாரி ரோசன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும், 263 மாணவரை அவரவர் படிக்கும் இடத்திலேயே பதினைந்து நிமிடம் பக்கத்திலே இருந்து பார்த்தனர். முக்கியமான பாடத்தைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டே பார்த்தனர். யாரோ பார்க்கிறார் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள், சராசரியாக ஆறு நிமிடம்கூட ஒரே வேலையிலே நிலைக்கவில்லை! பார்ப்பவர் பக்கத்திலே இருக்கும்போதே இப்படியென்றால், பார்ப்பவர் இல்லாதபோது?

அதே ஆண்டு கனடா நாட்டிலே மற்றொரு சோதனை. வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியிலே பாடத்துக்குத் தொடர்பில்லாத வேலையும் பார்த்த மாணவர், மற்றவரைவிட 11 சதவிகிதம் குறைவாக மதிப்பெண் பெற்றனர். சரி, செய்தவன் பலனை அனுபவித்தான் என்று விட்டுவிடலாமா? இயலாது. அப்படி வேலை பார்ப்பவனின் திரை கண்ணிலே படும்படி பின்னாலே உட்கார்ந்திருந்தானே, தாளும் பேனாவுமாக, குற்றமேதும் செய்யாத பிள்ளை, அவன் 17 சதவிகிதம் குறைவாகப் பெற்றான்! புகைப்பவன் பக்கத்திலே நிற்பவனுக்கும் இருமல் வருகிறதல்லவா, அப்படி.

2018-இலே ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஆர்னால்டு கிளாஸ் தம் வகுப்பின் 118 மாணவரை வைத்துச் செய்த சோதனை நம் கண்ணை இன்னும் அகலத் திறக்கிறது. சில வகுப்புகளிலே கருவிகளுக்கு அனுமதி. சில வகுப்புகளிலே இல்லை. வகுப்பு முடிந்த கையோடு கேட்ட கேள்விகளுக்கு இரு சாராரும் ஒரே மாதிரி விடை சொன்னார்கள். "பார்த்தீர்களா, எங்களுக்கு எல்லாம் புரிகிறது!" என்று மார் தட்டியிருக்கலாம். ஆனால் பருவம் முடிந்து தேர்வு வந்தபோது, கருவி அனுமதித்த நாட்களிலே நடத்திய பாடத்திலே மதிப்பெண் சரிந்தது. அங்கேயும், கருவியைத் தொடாதவனுக்கும் சரிவு!

இதற்கு என்ன பொருள்? காதிலே விழுந்தது, கருத்திலே தங்கவில்லை. ஈரமண்ணிலே எழுதிய எழுத்து மாலை வரை நின்றது. மறுநாள் மழையிலே கரைந்தது. ஆகவேதான் மாணவன் பொய் சொல்லவில்லை என்கிறோம். "படிக்கத்தான் செய்தேன், புரியத்தான் செய்தது, ஆனால் தேர்விலே வரவில்லை" என்று அவன் விழிப்பது நடிப்பன்று. தான் ஏமாற்றப்பட்டது அவனுக்கே தெரியவில்லை.

மனத்திலே விழுந்த சுமை

மதிப்பெண் மட்டுமா குறைகிறது? மனமும் நோகிறது. இதற்குச் சான்று எப்படிக் கிடைத்தது என்பது சுவையான கதை.

முகநூல் கல்லூரி கல்லூரியாகத் தாவிற்று என்றோமல்லவா? 2004-க்கும் 2006-க்கும் இடையே ஒரு கல்லூரிக்கு அது வந்துவிட்டிருக்கும். அடுத்த கல்லூரிக்கு வந்திராது. மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் — பிராகியேரி, லெவி, மக்காரின் என்போர் — இந்த முன்பின் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் 775-இலே முகநூல் நுழைந்த நாளையும், மாணவர் உடல்நலம் மனநலம் பற்றி அக்காலத்திலே ஆண்டுதோறும் எடுத்துவைத்திருந்த கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தனர். 2022-இலே வெளியிட்டனர்.

முகநூல் நுழைந்த கல்லூரியிலே மாணவர் மனநலம் தாழ்ந்திருந்தது. மனச் சோர்வாலே படிப்பு கெட்டது என்று சொன்னவர் தொகை உயர்ந்திருந்தது. எவ்வளவு தாழ்ந்தது? வேலை பறிபோனால் ஒரு மனிதன் மனத்திலே எவ்வளவு பாரம் விழுமோ, அதிலே ஐந்திலொரு பங்குக்கு மேல் என்று அவர்கள் அளந்து சொன்னார்கள். வேலை பறிபோன வேதனை என்னவென்று ஆலைக் கதவு மூடக் கண்டவருக்குத் தெரியும். அதிலே ஐந்திலொரு பங்கை 18 வயதுப் பிள்ளை தலையிலே, ஓசையில்லாமல் ஏற்றி வைத்தார்கள்!

காரணம் என்ன? ஒப்பிடுதல்! அவன் சிரிக்கிறான், நான் அழுகிறேன். அவள் ஊர் சுற்றுகிறாள், நான் அறையிலே கிடக்கிறேன். எல்லாரும் தங்கள் வீட்டு வாசலிலே மாக்கோலம் போட்டுக் காட்டுகிறார்கள். கொல்லைப்புறத்தை ஒருவரும் காட்டுவதில்லை. தன் கொல்லையையும் பிறர் கோலத்தையும் ஒப்பிட்டுத் தேம்புகிறது இளநெஞ்சம். அந்தத் தேம்பலோடு உட்கார்ந்து கணக்குப் போடு, இயற்பியல் படி என்றால் எங்கே ஓடும் எழுதுகோல்?

கல்லாவருகே இருப்பவன்

இனி அந்த மூன்றாமவனை அழைப்போம்.

முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் இன்று ஒரே முதலாளிக் கூட்டத்தின் கையிலே: மெட்டா என்று பெயர். 2024-ஆம் ஆண்டிலே அதன் வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதிலே 16,000 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்திலே வந்தது. நுழைவுக் கட்டணம் உண்டா? இல்லை. மாதச் சந்தா? பெரும்பாலோருக்கு இல்லை. பிறகு என்ன விற்று இத்தனை கோடி? பார்ப்பவனின் பார்வையை விற்று! பையன் திரையிலே கண் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரக்காரனுக்கு விற்கப்படும் சரக்கு. "இலவசமாகக் கொடுக்கிறார்களே, எவ்வளவு நல்லவர்கள்!" என்று நாம் நினைக்கிறோம். மாட்டுக்குப் புல் போடுபவன் மாட்டிடம் விலை கேட்பதில்லை, பாலுக்குத்தான் கேட்கிறான்.

நிமிடம் கூடினால் வருவாய் கூடும். ஆகவே நிமிடத்தைக் கூட்டுவதற்கென்றே அறிவாளிகளைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்தவர் ஷான் பார்க்கர். 2017 நவம்பரிலே அவரே வாய் திறந்தார். மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவுக்கு எவ்வளவு விழுங்க முடியும் என்பதுதான் அதைக் கட்டியபோது இருந்த சிந்தனை என்றும், மனித மனத்தின் பலவீனமொன்றைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்றும் சொன்னார். எதிரி சொன்னதன்று இது, உள்ளேயிருந்தவர் சொன்னது!

2009-இலே முகநூலிலே 'லைக்' பொத்தான் வந்தது. ஒரு படத்தைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வைக்கும் பொத்தான். அதற்கு முன்பே, 2006-இலே, ஏசா ராஸ்கின் என்ற வல்லுநர் முடிவேயில்லாமல் கீழே ஓடும் பக்கத்தை வகுத்தார். புத்தகத்திலே பக்கம் முடியும், அத்தியாயம் முடியும், "போதும், படுப்போம்" என்று தோன்றும். இதிலே முடிவில்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அதை வகுத்தவரே பின்னாளிலே அதற்காக வருந்திப் பேசினார். வருந்தியவர் விலகிப் போனார். ஓடை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

இப்போது சொல்லுங்கள். ஒரு பக்கத்திலே 18 வயதுப் பிள்ளை — தனியன், தூக்கம் கெட்டவன், நாளைத் தேர்வு என்ற அச்சத்திலே இருப்பவன். மறுபக்கத்திலே பல்லாயிரம் கோடி மூலதனமும், படித்த மேதைகளும், ஓயாத கணிப்பொறிகளும். இந்தப் போட்டியிலே பிள்ளை தோற்றால், "உனக்கு மன உறுதி இல்லை" என்று அவனையே ஏசுவது எந்த ஊர் நீதி? படிப்பு மேசையிலே ஒரு கடைவீதியையே கொண்டுவந்து பரப்பிவிட்டு, கூவுகிறவனை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தவனைத் தண்டிப்பதா?

இடி விழும் வீடு

இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவா? இல்லை. இடி எப்போதும் கூரை வீட்டிலேதான் விழுகிறது.

இங்கிலாந்திலே இலண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களிலே, 91 பள்ளிகளின் கணக்கை எடுத்தனர் இரு பொருளாதார ஆய்வாளர்கள். 2016-இலே வெளிவந்த ஆய்வு அது. செல்போனைத் தடை செய்த பள்ளிகளிலே மதிப்பெண் உயர்ந்திருந்தது. யாருக்கு? முன்னணி மாணவருக்கு எந்த மாற்றமும் இல்லை. பின்தங்கிய மாணவருக்குத்தான் உயர்வு! தன்னைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரிந்தவனுக்குப் போன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தடுமாறுபவனுக்குத்தான் தடுப்புச்சுவர் தேவைப்பட்டது. அதே முறையிலே ஸ்வீடன் நாட்டிலே 2020-இலே பார்த்தபோது அத்தகைய பலன் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம். தடை என்பது மந்திரக்கோல் அன்று. எங்கே, எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சீனத்துக் கல்லூரி மாணவர் பற்றி 2024-இலே வெளிவந்த ஓர் ஆய்வு, விடுதி அறையையே எடுத்துக்கொண்டது. அறைத் தோழர்களைக் கல்லூரியே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் அமர்த்துகிறது. ஒருவன் போன் செயலிகளிலே மூழ்கினால், அறைத் தோழனும் கூடுதலாக மூழ்கினான். மூழ்கியவர் மதிப்பெண் குறைந்தது. பின்னாளிலே வேலைக்குப் போனபோது சம்பளமும் குறைந்தது. தனி அறையும் தனி மேசையும் உள்ள வீட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒரே அறையிலே நால்வர் படுத்து, நால்வர் படித்து, நால்வர் பேசும் பிள்ளை எந்தக் கதவைச் சாத்துவான்?

வசதியுள்ள வீட்டிலே பிள்ளை தவறினால், தனிப்பாடம் வைப்பார்கள். வேறு கல்லூரியிலே இடம் வாங்குவார்கள். மூட்டை தூக்கி, தறி ஓட்டி, ஓவர்டைம் பார்த்துக் கட்டணம் கட்டும் வீட்டிலே, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளை தவறினால், ஒரு தலைமுறை பின்னுக்குப் போகிறது. அந்தப் பிள்ளையின் ஒரு மணி நேரம் என்பது அவன் தந்தையின் வியர்வை. அதைத்தான் எங்கோ ஒருவன் விளம்பரக்காரனுக்கு விற்றுக்கொண்டிருக்கிறான்.

அதே பிள்ளைக்கு அதே போன்தான் துணை என்பதையும் நாம் அறிவோம். வீட்டிலே ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை. புத்தகம் வாங்கப் பணமில்லை. 2020 மார்ச்சிலே கொள்ளைநோய் வந்து கல்லூரிக் கதவுகள் மூடியபோது, போன்தான் வகுப்பறையாயிற்று. போன் இல்லாத பிள்ளைதான் அன்று பின்தங்கினான். இன்றும் வினாத்தாளும் உதவித்தொகை அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவிலேதான் வருகின்றன. ஆகவேதான் உடைக்காதே என்கிறோம். ஏணியை உடைத்துவிட்டுப் பிள்ளையை மேலே ஏறு என்று சொல்வதற்கில்லை.

நம்முடைய நேரம்!

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

தொழிலாளித் தோழர்களே, உங்களுக்கு ஒரு பழைய வரலாற்றை நினைவூட்டுகிறோம். பொழுது விடிந்தால் ஆலை, பொழுது சாய்ந்தால் ஆலை என்று இருந்த காலம் உண்டு. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்களுக்கு என்று 1886 மே முதல் நாள் சிக்காகோவிலும் பிற நகரங்களிலும் தொழிலாளர் எழுந்தனர், இரத்தம் சிந்தினர். 1923-இலே சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடினார். "எங்களுக்கு" என்று கேட்டு வாங்கினார்களே அந்த எட்டு மணி நேரம், அது எதற்கு? பிள்ளையைக் கொஞ்ச, ஏடு படிக்க, சங்கம் கூட, மனிதனாக வாழ!

அன்று ஆலை முதலாளி நேரத்தைப் பறித்தபோது, "உனக்கு உறுதி இல்லை" என்று தொழிலாளி தன்னைத் தானே நொந்துகொண்டு உட்காரவில்லை. கூடினான், பேசினான், வரையறை கேட்டான். இன்று நேரத்தைப் பறிப்பவன் சங்கு ஊதிக் கூப்பிடுவதில்லை. சட்டைப் பையிலே சிணுங்கிக் கூப்பிடுகிறான். மருந்து மட்டும் அதே மருந்துதான்: கூடுதல், பேசுதல், வரையறுத்தல்.

வரையறை கேட்கும் குரல் உலகிலே எழுந்திருக்கிறது. 2023 அக்டோபரிலே அமெரிக்க நாட்டின் 33 மாநிலங்கள் ஒன்றுகூடி, இளைஞரை அடிமைப்படுத்தும் வகையிலே தளத்தை அமைத்தார்கள் என்று மெட்டா மீது வழக்குத் தொடுத்தன. ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10-ஆம் நாள் நடைமுறைப்படுத்தியது. கல்லூரி மாணவன் சிறுவன் அல்லன், வாக்குரிமை பெற்றவன். அவனுக்குப் பூட்டுப் போடச் சொல்லவில்லை நாம். கூவுகிற கடைக்காரனுக்குக் கட்டுப்பாடு போடு என்கிறோம். முடிவில்லாத ஓடைக்கு ஒரு மதகு வை, இரவிலே சிணுங்காதே, எத்தனை நிமிடம் போயிற்று என்று கேட்காமலே காட்டு. கேட்கவேண்டியது அரசு, கேட்க வைக்கவேண்டியவர் நாம்.

கல்லூரிகளுக்கும் சொல்கிறோம். வகுப்பறையிலே அந்த ஒரு மணி நேரம் எல்லார் போனும் ஓரிடத்திலே உறங்கட்டும் — பேராசிரியர் போனும் சேர்த்து! வகுப்பு முடிந்த பின், பாடக்குறிப்பையும் ஐயங்களையும் பேச மாணவர் கூடியிருக்கும் அதே குழுவிலே ஆசிரியரும் போய் அமரட்டும். ஆசிரியர் இருந்த இடத்திலே அதே கருவி படிப்புக்குத் துணையானதை மேலே கண்டோம்.

நம் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. ஊர்தோறும் படிப்பகம் கண்டது தமிழகம். கீற்றுக் கொட்டகையிலே நான்கு ஏடு வைத்து, எழுத்தறியாதவருக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டிய படிப்பகங்கள்! அவற்றிலே பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திறவுங்கள் அவற்றை! மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, தெருப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. வாயிலிலே ஒரு பெட்டி; நுழைபவர் போனை அதிலே வைத்துவிட்டு உள்ளே வரட்டும். இரண்டு மணி நேரம், ஒரு இழையும் அறாமல் தறி ஓடட்டும். வீட்டிலே தனியாக முடியாதது பத்துப் பேரோடு முடியும். கெட்ட பழக்கம் அறைத் தோழனிடம் தொற்றுகிறதென்றால், நல்ல பழக்கமும் தொற்றட்டுமே!

தந்தைமாருக்கு ஒரு சொல். பிள்ளை போனை எடுத்ததும் பிரம்பை எடுக்காதீர்கள். பக்கத்திலே உட்கார்ந்து, "இதிலே உன்னை விற்று ஒருவன் பணம் பண்ணுகிறான், தெரியுமா?" என்று கேளுங்கள். அடி வாங்கிய பிள்ளை போனை மறைத்து வைப்பான். விவரம் தெரிந்த பிள்ளைக்கு ரோசம் வரும். உங்கள் கையிலே இருக்கும் போனையும் அப்போது கீழே வைத்துவிடுங்கள். அது இல்லாமல் சொன்ன சொல் ஏறாது.

மாணவத் தோழனே! உன்னைக் குற்றவாளி என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. உன் பொருளைப் பறிகொடுத்தவன் நீ. பறிபோனது பணமானால் காவல் நிலையத்துக்கு ஓடியிருப்பாய். பறிபோனது நேரம். உன் தாத்தா காலத்துத் தொழிலாளர் தடியடி பட்டு வாங்கி வைத்த நேரம். உன் தந்தை உனக்காகத் தன் ஓய்வை விற்று வாங்கித் தந்த நேரம். அது கடைக்காரனுடையதன்று.

இன்று இரவே இரண்டு மணி நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள். எடுத்துப் படி. தேர்வு மண்டபத்திலே நீ எழுதும் ஒவ்வொரு வரியும், எங்கோ ஒரு கல்லாப் பெட்டியிலே விழாமல் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த காசாகும்!